கப்பலில் இருந்தவர்களின் வழக்கறிஞர்

கோமகாட்டா மாரு என்ற கப்பலின் கதையை நம்மில் பலரும் ஏதேனும் ஒரு வடிவில் படித்திருப்போம். விடுதலைப் போராட்ட வரலாற்று நூல்களில் அது ஒரு பத்தியாக வரும். 1914-இல் கனடா சென்ற பஞ்சாபியர் கரையிறங்க அனுமதிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். கல்கத்தா அருகே வந்திறங்கியபோது சுடப்பட்டனர். கதர் இயக்கம் சூடு பிடித்தது. பத்தி அத்துடன் முடிந்துவிடும். அந்தப் பத்தியில் இடம்பெறாத ஒருவரைப் பற்றியும், அவர் நடத்திய இரண்டு வழக்குகளைப் பற்றியும் இங்கே எழுத நினைக்கிறேன். அவர் பெயர் ஜோசஃப் எட்வர்ட் பேர்ட். வான்கூவர் நகரத்து வழக்கறிஞர். அவருடைய இரு வழக்குகளின் தீர்ப்புகளுக்கும் இடையே எட்டு மாதங்கள்கூட இல்லை. முதல் வழக்கில் வென்றார். அந்த வெற்றிதான் இரண்டாவது வழக்கை உண்டாக்கியது. அதைத் தோற்கடித்ததும் அதே வெற்றிதான் என்று சொன்னால் மிகையாகாது.

சற்றுப் பின்னால் போக வேண்டும். 1904-க்கும் 1908-க்கும் இடையே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திற்கு வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் சீக்கியர், பலர் பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர்கள். மர அறுப்பு ஆலைகளிலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்தார்கள். வெள்ளையர்களின் எதிர்ப்பு உடனே எழுந்தது. சீனர்களைத் தடுக்கக் கனடா தலைவரி விதித்திருந்தது; 1903-இலிருந்து அது ஆளுக்கு 500 டாலர். ஜப்பானியரின் எண்ணிக்கையை ஜப்பானிய அரசுடன் பேசிக் குறைத்துக்கொண்டது. இந்தியர் விஷயத்தில் மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. அவர்கள் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். ஒரே மன்னரின் குடிகளில் ஒரு பகுதியினரைப் பெயர் சொல்லித் தடுத்தால் லண்டனுக்குச் சிக்கல், கல்கத்தாவுக்கு இன்னும் பெரிய சிக்கல். ஆகவே இந்தியர் என்ற சொல்லே வராத ஒரு விதி வேண்டியிருந்தது.

1908-இல் அந்த விதி வந்தது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ இடைநில்லாப் பயணமாக, அங்கேயே வாங்கிய பயணச்சீட்டுடன் வருபவரே கனடாவில் இறங்கலாம். படிக்க மிகவும் பொதுவான, எவரையும் புண்படுத்தாத விதி. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படிச் சீட்டு விற்கக்கூடிய கப்பல் நிறுவனம் ஒன்றுதான். விற்க வேண்டாம் என்று அந்த நிறுவனத்திடம் அரசு சொல்லிவிட்டது. ஆசியாவிலிருந்து வருபவர் கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒரு மர ஆலைத் தொழிலாளியின் பல மாதக் கூலி அது. யாரையும் தடுப்பதாகச் சொல்லாமலேயே ஒரு தேசத்தாரை முழுவதுமாகத் தடுத்துவிடும் இந்தச் சாமர்த்தியத்தைப் பிற்காலத்து அரசுகள் பலவும் கற்றுக்கொண்டன.

ஆனால் விதிகளைச் சொற்களால்தானே எழுத வேண்டும்? வழக்கறிஞர்களின் வேலை அங்கே தொடங்கியது. விதி வந்த சில வாரங்களிலேயே, 1908 மார்ச்சில், அதன் முதல் வடிவத்தை நீதிபதி கிளெமென்ட் செல்லாது என்று தள்ளினார். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1910-இல் புதிய குடிவரவுச் சட்டம் வந்தது. அதன் 23-ஆம் பிரிவு நீதிமன்றங்களின் வாயை அடைப்பதற்கென்றே எழுதப்பட்டது: கனடியக் குடிமகனோ அங்கே நிலையாகக் குடியிருப்பவனோ அல்லாத ஒருவனைத் தடுத்துவைப்பது, நாடுகடத்துவது ஆகியவை குறித்துக் குடிவரவு விசாரணைக் குழு எடுக்கும் முடிவில் எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்தாலும் தலையிட முடியாது. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அந்த முடிவு இச்சட்டத்தின்படி எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

அந்த ஒற்றை நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் பின்வரும் எல்லாமே நடந்தன.

வான்கூவர் இந்தியர்களிடையே இதை நன்றாக அறிந்திருந்த ஒருவர் ஹூசேன் ரஹீம். பெயர் முஸ்லிம் பெயர். ஆள் குஜராத்தைச் சேர்ந்த இந்து. இயற்பெயர் சகன் கைராஜ் வர்மா. 1910-இல் ஹானலுலு வழியாகப் பயணியாக வந்தவர் அங்கேயே தங்கி, சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து, தொழிலாளர் கூட்டங்களில் பேசத் தொடங்கினார். குடிவரவுத் துறை அவரை நாடுகடத்த முனைந்தது. நீதிமன்றம் சென்று வென்றார். துறை மீண்டும் முயன்றது. 1912-க்குள் மீண்டும் வென்றார். நாடுகடத்தல் ஆணையை எதிர்கொண்டு நிற்பது எப்படி என்பதைத் தன் உடம்பால் கற்றவர் அவர். பின்னால் துறைமுகத்தில் நின்ற மக்களுக்காக வழக்கு நிதி திரட்டும் குழுவில் அவர் முன்நின்றது தற்செயல் அல்ல என்றே எண்ணுகிறேன்.

1913 அக்டோபரில் பனாமா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் விக்டோரியா துறைமுகத்துக்கு வந்தது. அதில் 56 இந்தியர்கள். ஏற்கெனவே கனடாவில் வசித்துத் திரும்புபவர்களாகச் சிலர் இறங்க அனுமதிக்கப்பட்டனர். 39 பேருக்கு நாடுகடத்தல் ஆணை தரப்பட்டது. அவர்களுக்காக பேர்ட் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இம்மனு பெரும்பாலும் காதல் திருமணம் செய்துகொண்ட மகளை மீட்கத் தந்தையர் போடுவதாகவோ, குண்டர் சட்டக் கைதியின் மனைவி போடுவதாகவோ தென்படும். அதன் அடிப்படை மிக எளியது. ஒருவரைப் பிடித்து வைத்திருக்கும் எவரும், அது அரசே ஆனாலும், அந்த மனிதரை நீதிபதிமுன் நிறுத்தி, எந்தச் சட்டத்தின்படி பிடித்து வைத்தாய் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கைதி குற்றமற்றவனா, நல்லவனா என்பது கேள்வியே அல்ல. பிடித்தவனின் காகிதம் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காகிதம் சரியாக இல்லை. சட்டம் அமைச்சரவைக்குக் கொடுத்த அதிகாரம் ‘இனம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அமைச்சரவை வெளியிட்ட ஆணையோ ‘ஆசியப் பூர்வீகம்’ கொண்டவர் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்றது. இரண்டும் ஒன்றல்ல. கல்கத்தாவில் ஆங்கிலேயத் தாய் தந்தையருக்குப் பிறந்த வெள்ளைக் குழந்தைக்கும் ஆசியப் பூர்வீகம் உண்டு என்று சொல்ல முடியும். ஆகவே ஆணை சட்டத்தைவிட அகலமாகிவிட்டது. இடைநில்லாப் பயண ஆணையிலும் இதைப்போல ஓர் ஓட்டை: குடியுரிமை ‘வழங்கப்பெற்ற’ என்ற பொருள்படும் சொல் சட்டத்தில் இருந்தது, ஆணையில் விடுபட்டிருந்தது. தலைமை நீதிபதி கார்டன் ஹண்டர் 1913 நவம்பர் 24 அன்று தீர்ப்பளித்தார். ஆணைகள் சட்டத்தின்படி அமையவில்லை. எனவே அவற்றைக் கொண்டு எடுத்த முடிவுகளும் சட்டத்தின்படி எடுத்தவை அல்ல. எனவே 23-ஆம் பிரிவின் பூட்டு இங்கே விழவே இல்லை. மனுதாரர்களை விடுவிக்க உத்தரவிட்டார்.

இத்தீர்ப்பை மனிதாபிமானத்தின் வெற்றி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தியர்களைத் தடுப்பது தவறு என்று ஹண்டர் எங்கும் தீர்ப்பளிக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் ஒழுங்காக எழுதித் தடு என்பதே அதன் உட்பொருள். நாடுகடத்தப்பட இருந்த 39 பேருக்கு இந்த வேறுபாடு பொருட்டாக இருந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவு திறந்தது, அவர்கள் நகருக்குள் போனார்கள். ஒரு நல்ல வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குச் செய்யக்கூடியது அநேகமாக இவ்வளவுதான். அது சிறிய உதவியும் அல்ல.

ஆனால் அந்தத் தீர்ப்பை அரசும் படித்தது, மிகவும் கவனமாக. இரண்டே வாரத்தில், டிசம்பர் 8-ஆம் தேதி, பிரிட்டிஷ் கொலம்பியத் துறைமுகங்களில் எந்தத் தொழிலாளியும் கைவினைஞரும் இறங்கக் கூடாது என்று ஓர் ஆணை. வேலையின்மை காரணம் காட்டப்பட்டது. 1914 ஜனவரி 7-இல் பழைய இரு ஆணைகளும் ஹண்டர் சுட்டிய பிழைகள் நீக்கப்பட்டு மறுபடி வெளியிடப்பட்டன. பூர்வீகம் போய் இனம் வந்தது. விடுபட்ட சொல் உரிய இடத்தில் அமர்ந்தது. வழக்கில் தோற்ற தரப்புக்கு வென்ற தரப்பு இலவசமாகச் சட்ட ஆலோசனை வழங்கியதுபோல் ஆயிற்று.

தீர்ப்பின் செய்தி ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. அங்கே குருத்வாராவில் கனடா செல்லக் காத்திருந்த பஞ்சாபியர் பலர். மலேயா, சிங்கப்பூர் பகுதியில் ஒப்பந்தக்காரராகப் பொருளீட்டிய குர்தித் சிங் அவர்களைக் கண்டார். விதியைத் திருத்த முடிந்த அரசுக்கு எதிராக வழக்கை மீண்டும் வெல்லலாம் என்று நம்பினார். கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்து 1914 ஏப்ரல் 4 அன்று ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டார். ஷாங்காய், மோஜி, யோகஹாமா ஆகிய துறைமுகங்களில் மேலும் பலர் ஏறினார்கள். மே 23-இல் வான்கூவரின் பரார்ட் குடாவை அடைந்தபோது கப்பலில் 376 பயணிகள்: 340 சீக்கியர், 24 முஸ்லிம்கள், 12 இந்துக்கள்.

வான்கூவர் குடிவரவு அதிகாரி மால்கம் ரீட் ஹண்டர் தீர்ப்பிலிருந்து ஒரு பாடம் கற்றிருந்தார். விசாரணைக் குழு ஆணை பிறப்பித்தால் அந்த ஆணையை வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார். ஆணையே இல்லாவிட்டால்? கப்பலைக் கரை சேர்க்காமல் குடாவின் நடுவே நிறுத்தினார்கள். காவல் படகுகள் சுற்றி வந்தன. மருத்துவப் பரிசோதனை நாள் கணக்கில் இழுக்கப்பட்டது. பிறகு, முன்பே கனடாவில் வசித்தவர்கள் யார் யார் என்ற விசாரணை. அப்படிப்பட்ட சுமார் இருபது பேர் இறக்கப்பட்டனர். மற்றவர்களுக்கு அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. கப்பல் வாடகைத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டத் தவறினால் கப்பலே கைவிட்டுப் போகும். உணவும் நீரும் குறைந்தன. மறுக்கப்படும் உரிமைக்காக ஒரு வழக்கறிஞர் போராடுவதை அறிவோம். தன் கட்சிக்காரர்களுக்கு நாடுகடத்தல் ஆணையைச் சீக்கிரம் கொடுங்கள் என்று அரசிடம் மன்றாட வேண்டிய நிலை பேர்ட்டுக்கு நேர்ந்தது.

கட்சிக்காரரைச் சந்திப்பதும் இயலாததாக இருந்தது. கப்பலில் ஏறி குர்தித் சிங்குடன் தனியே பேச பேர்ட்டுக்கு அனுமதி இல்லை. குர்தித் சிங் கரைக்கு வரவும் அனுமதி இல்லை. இடையில் அரை மைல் நீர்கூட இருக்காது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட வழக்கறிஞரைப் பார்க்க உரிமை உண்டே என்று கேட்டால், அவன் நாட்டுக்குள் இருக்கிறான், இவர்கள் இன்னும் வரவே இல்லை என்பது விடை. கண்ணெதிரே நிற்கும் 350 பேரைச் சட்டத்தின் கண்ணில் ‘இன்னும் வராதவர்கள்’ ஆக்கிவிடும் இந்தக் கற்பனை எந்தப் புனைகதையாளனுக்கும் சளைத்ததல்ல. விமான நிலையங்களின் பன்னாட்டுப் பகுதிகளில் இன்றளவும் அது உயிரோடிருக்கிறது.

கரையில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ரஹீம், பாக் சிங், பல்வந்த் சிங், சோஹன் லால் பாட்டக் ஆகியோர் கரைக்குழு அமைத்தார்கள். குருத்வாராவிலும் கூட்ட அரங்குகளிலும் நிதி திரண்டது. மர ஆலைக் கூலிகளின் பணம். வாடகைத் தவணை கட்டப்பட்டது; கப்பலின் ஒப்பந்தம் கரைக்குழுவின் பெயருக்கு மாறியது. வழக்கறிஞருக்கான கட்டணமும் இதிலிருந்துதான். நாடுகடத்தலை எதிர்க்கும் வழக்குகளின் வரலாற்றில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்கள் 1880-களிலிருந்தே ஊர்க்காரர்களிடம் வசூலித்து வெள்ளை வழக்கறிஞர்களை அமர்த்தி வழக்காடின. ஏழைகளின் சட்ட உதவி நிதிக்குப் பெரும்பாலும் அவர்களைவிடச் சற்றே முந்தி வந்த ஏழைகள்தான் கொடையாளர்கள்.

ஜூன் கடைசியில் இழுபறி தீர்ந்தது. ஒரே ஒருவரைத் தேர்ந்து மாதிரி வழக்கு நடத்துவது, அதை விரைவாக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே கொண்டுபோவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மீண்டும் ஹண்டரிடம் போக அரசுத் தரப்புக்கு விருப்பமில்லை என்பது வெளிப்படை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் முன்ஷி சிங். ஹோஷியார்பூர் மாவட்டத்து விவசாயி. கப்பல் வந்து 33-ஆம் நாள், ஜூன் 25-இல், விசாரணைக் குழு அவரை விசாரித்தது. தான் உழவன், கனடாவிலும் உழவு செய்யவே வந்தேன் என்றார். 200 டாலர் அவரிடம் இல்லை. ஹாங்காங் வழியாக வந்ததால் இடைநில்லாப் பயணமும் இல்லை. உழவராகத் தொழில் தொடங்கும் வசதி இல்லாதவர், எனவே தொழிலாளி என்று குழு முடிவு செய்தது. மூன்று ஆணைகளும் ஒருசேர அவர்மேல் விழுந்தன.

ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். பேர்ட்டுடன் ராபர்ட் காசிடி வாதாடினார். பிரிட்டிஷ் குடிமகனை வெளியேற்றக் கனடிய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பது ஒரு வாதம். ஆணைகள் இப்போதும் சட்டத்தை மீறுகின்றன என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று: பஞ்சாபியர் காக்கேசிய இனத்தவர், ‘ஆசிய இனம்’ என்ற சொல் அவர்களைக் குறிக்காது. இந்த வாதத்தைப் படிக்கும்போது கூச்சமாகவே இருக்கிறது. சீனனையும் ஜப்பானியனையும் தடுங்கள், எங்கள் ஆள் அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதானே இதன் பொருள்? ஆனால் கட்சிக்காரன் குடாவில் தாகத்துடன் கிடக்கும்போது கையில் கிடைக்கும் எந்தச் சொல்லையும் வழக்கறிஞர் எடுத்துப் பார்ப்பார். இதே வாதம் 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பகத் சிங் திந்த் என்பவரின் குடியுரிமை வழக்கில் எழுந்து அங்கேயும் தோற்றது.

ஜூலை 6 அன்று ஐவரும் ஒருமித்துத் தள்ளுபடி செய்தார்கள். ஆணைகள் இம்முறை சரியாக எழுதப்பட்டிருந்தன. எனவே 23-ஆம் பிரிவு தடுத்தது. தீர்ப்பின் சில பக்கங்களில், குறிப்பாக மெக்ஃபிலிப்ஸ் எழுதியவற்றில், ஆசியர் ஏன் கனடாவுக்குப் பொருந்தாதவர் என்ற விளக்கமும் உண்டு. சட்டக் கேள்விக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு நடந்தவை அந்த வரலாற்றுப் பத்தியில் உள்ளவைதான். ஜூலை 19 விடியலுக்கு முன் காவலர்கள் இழுவைப் படகில் வந்து கப்பலைக் கைப்பற்ற முயன்றார்கள். பயணிகள் நிலக்கரிக் கட்டிகளை எறிந்து விரட்டினார்கள். போர்க்கப்பல் ரெயின்போ வரவழைக்கப்பட்டது. ஜூலை 23-இல், வந்து சரியாக இரண்டு மாதங்களில், கோமகாட்டா மாரு திரும்பிச் சென்றது. செப்டம்பர் 29-இல் பட்ஜ் பட்ஜில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சுமார் இருபது பயணிகள் இறந்தனர். கரைக்குழுவின் பாக் சிங் வான்கூவர் குருத்வாராவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் குடிவரவுத் துறைக்கு உளவு சொன்னவர். அவருக்காகச் சாட்சி சொல்ல வந்த குடிவரவு ஆய்வாளர் ஹாப்கின்சனை மேவா சிங் நீதிமன்றத் தாழ்வாரத்தில் சுட்டார். 1915 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். சோஹன் லால் பாட்டக் 1916-இல் மாண்டலேயிலும் பல்வந்த் சிங் 1917-இல் லாகூரிலும் தூக்கிலிடப்பட்டனர். 1913-இல் மனுவும் வழக்குரையுமாகத் தொடங்கியவர்கள் இவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நீதிமன்றத்தின் வழி மூடப்பட்ட பிறகே பலர் வேறு வழியைத் தேடினர்.

இடைநில்லாப் பயண விதி 1947-இல் நீங்கியது. வழக்குகளும் மாறின. 1985 ஏப்ரல் 4-இல் கனடிய உச்ச நீதிமன்றம் அகதித் தஞ்சம் கேட்ட எழுவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆறு சீக்கியர்கள், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கயானாப் பெண் ஒருவர். அதுவரை அகதி விண்ணப்பதாரரை நேரில் பார்க்காமலேயே எழுத்துப்படியைப் படித்து முடிவு செய்துவந்தார்கள். முடிவு செய்பவர் முன் வாய்மொழியாகப் பேச ஒவ்வொருவருக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்றது நீதிமன்றம். நீதிபதி பெர்தா வில்சன் எழுதிய பகுதியில், உரிமைச் சாசனம் சொல்லும் ‘எவரும்’ என்ற சொல் கனடிய மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதரையும் குறிக்கும் என்று வந்தது. குர்தித் சிங் ஹாங்காங்கில் கப்பலேறியதும் ஓர் ஏப்ரல் 4-தான். நாட்காட்டியின் விளையாட்டு, அதற்குமேல் பொருள் தேட வேண்டியதில்லை.

2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 இலங்கைத் தமிழர்களுடன் அதே கரைக்கு, விக்டோரியாவை ஒட்டிய எஸ்குவிமால்ட் துறைமுகத்துக்கு வந்தது. இம்முறை கப்பலைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அவர்கள் மண்ணில் இறங்கினார்கள், பல மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள், வழக்கறிஞர்களைச் சந்தித்தார்கள், குறித்த இடைவெளிகளில் விசாரணை அதிகாரிமுன் நிறுத்தப்பட்டார்கள். அரசும் பழைய வழக்கத்தை மறக்கவில்லை. 2012-இல் குடிவரவுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அந்தக் கப்பலின் தாய்லாந்து மாலுமிகள் பயணத்துக்கு முன்பே கைவிட்டுப் போய்விட, வந்தவர்களில் சிலரே அதை ஓட்டிவந்தார்கள். ஒருவர் இயந்திர அறையில் நாள்தோறும் இரு முறை, மூன்று மூன்று மணிநேரம், வெப்பநிலையையும் எண்ணெய் அளவையும் பார்த்துக்கொண்டார். கூலியாகச் சற்று நல்ல தங்குமிடமும் உணவும். இதனால் இவர் ஆட்கடத்தலுக்கு உடந்தை, அகதியாக விண்ணப்பிக்கவே தகுதியற்றவர் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2015 நவம்பர் 27-இல் நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: லாபத்துக்காக, பன்னாட்டுக் குற்றக் கும்பலின் பகுதியாக ஆட்களைக் கடத்துபவரையே அப்பிரிவு குறிக்கும்; தாமும் தப்பி வரும் வழியில் உடன் வந்தவர்களுக்கு உதவியவரை அல்ல. அவரது விண்ணப்பம் மறுபரிசீலனைக்குத் திரும்பியது. பாதுகாப்புக் கருதி அவர் பெயர் வெளியிடப்படவில்லை. முன்ஷி சிங்கின் பெயர் சட்ட அறிக்கைகளின் தலைப்பாக இன்றும் இருக்கிறது. இவரோ ‘பி010’ என்ற ஓர் எழுத்தாகவும் மூன்று எண்களாகவும் அதே நூலக அடுக்கில் இருக்கிறார்.